பெயர் கேட்காத பந்தி



பள்ளி விடுமுறை நெருங்கும்போது ஆசிரியர் அறையில் வழக்கமாக இரண்டு பேச்சுகள் நடக்கும். யார் யார் எங்கெங்கே செல்லவிருக்கின்றனர் என்பது ஒன்று. படித்ததையெல்லாம் மறந்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பி வருவார்களே என்னும் கவலை மற்றொன்று. மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை நாங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. விடுமுறை கழிந்து வரும் பிள்ளைகளுள் சிலர் மெலிந்து வருகின்றனர். இடுப்பு வாரின் கொக்கி ஒரு துளை உள்ளே போயிருக்கும். முதல் நாள் காலைச் சபைகூடலில் ஒருவரேனும் மயங்கி அமர்ந்துவிடுவர்.

காரணம் எளியது. நம் தொடக்கப்பள்ளிகளில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் துணையுணவுத் திட்டம் ஒன்று இருக்கின்றது. ஆர்.எம்.டி. என்று சொன்னால்தான் பெற்றோருக்கு விளங்கும். 1970களின் இறுதியில் தொடங்கிய அத்திட்டத்தால் பசியாறிப் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் இருக்கின்றனர். ஆயினும் அது பள்ளி நடைபெறும் நாள்களுக்கு உரியது. பள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 190 நாள்கள். எஞ்சிய 175 நாள்களிலும் வயிறு விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை.

கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்ககங்களில் வாழும் பிள்ளைகளைப் பற்றி யுனிசெப் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அப்பிள்ளைகளில் நூற்றுக்கு 12 பேர் நாளொன்றுக்கு மூன்று வேளைக்கும் குறைவாக உண்கின்றனர். ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றிக் குன்றியிருக்கின்றனர். மூன்றில் ஒரு வீட்டில் பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு புத்தகமும் இல்லை. நாளிதழ்களில் இதைப் படித்துப் பலர் அதிர்ந்தனர். மாதம் 124 ரிங்கிட் வாடகையில் குடியிருக்கும் பிபிஆர் அடுக்ககத்துப் பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பில் காணும் எங்களுக்கு அதில் புதிது ஒன்றுமில்லை. நம் கண்ணால் கண்டதற்கு ஒருவர் எண் கொடுத்திருக்கிறார் என்ற அளவில் ஓர் ஆறுதல்.

விடுமுறைப் பசிக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வி நெடுநாளாக என்னிடம் இருந்தது. அதற்கு ஒரு விடையை நான் கண்டது நம் நாட்டில் அன்று. மிகத் தொலைவில், நியூயார்க் நகரத்தில். ஆகவே முதலில் அங்கே சென்றுவிட்டுப் பிறகு நம் ஊருக்குத் திரும்புவோம்.

2019 ஜூலை மாதம் என் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காக ஊதியமற்ற விடுப்பு எடுத்துக்கொண்டு அங்குச் சென்றிருந்தேன். குவீன்ஸ் பகுதியில் பிளஷிங் என்னும் இடத்தில் அவர்கள் வசிக்கின்றனர். அமெரிக்கா என்றதும் நாம் மனத்தில் எழுதி வைத்திருக்கும் காட்சி எதுவும் அங்கில்லை. திரும்பிய பக்கமெல்லாம் சீன எழுத்துப் பெயர்ப்பலகை, நடைபாதையில் பழக்கடை, மீன் வாடை. பெட்டாலிங் தெருவில் இறங்கிவிட்டேனோ என்று தோன்றியது. பவுன் தெருவில் 1977இல் எழுந்த பிள்ளையார் கோவிலும், அதன் அடித்தளத்து உணவகத்துத் தோசையும் அங்கே பெயர் பெற்றவை. தங்கைக்குப் பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளிப்பாட்டு ஆகியவை முற்பகலிலேயே முடிந்துவிடும். பிறகு தாயும் சேயும் உறங்க வேண்டும். ஆறு வயது மூத்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு அது நடவாது. ஆதலால் அவளை வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

எங்கே செல்வது? குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த மடல் ஒன்றைத் தங்கை காட்டினாள். நியூயார்க் நகரமன்றத்தில் 51 வட்டாரங்கள். வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர். கோடை தொடங்குமுன், தம் வட்டாரத்து மக்களுக்கு என்னென்ன இலவசமாகக் கிடைக்கும் என்பதை உறுப்பினரின் அலுவலகம் அச்சிட்டு வீடுதோறும் அனுப்பியிருந்தது. பூங்காவில் திரைப்படம், நூலகத்தில் கதை நேரம், நீச்சல் குளம், முதியோருக்கு உடற்பயிற்சி, வாடகைச் சிக்கல்களுக்கு வழக்கறிஞர் ஆலோசனை, பழைய மின்பொருள்களை ஒப்படைக்கும் நாள் என்று நீண்டுகொண்டே போயிற்று. ஐயம் இருந்தால் 311 என்னும் எண்ணை அழைக்கலாம். 170க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்த்துச் சொல்வார்களாம். வாக்காளருக்கு நினைவூட்டும் அரசியலும் அதில் இருந்தது. உறுப்பினரின் சிரித்த முகப்படம் பெரிதாகத்தான் இருந்தது. அது எல்லா ஊருக்கும் பொது.

பட்டியலின் நடுவில் இரண்டு வரிகள் என் கண்ணில் பட்டன. 18 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய எவருக்கும் கோடை முழுவதும் இலவசக் காலையுணவும் மதிய உணவும் வழங்கப்படும். பதிவு தேவையில்லை, அடையாளச் சான்று தேவையில்லை, விண்ணப்பம் தேவையில்லை.

இருபதாண்டுகளாக விண்ணப்பப் படிவம் நிரப்பியும் நிரப்ப வைத்தும் பழகியவள் நான். அந்த இரண்டு வரிகளை நம்ப எனக்கு மனம் வரவில்லை. மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு சென்றேன். தங்கை வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை; அவளுக்கு அந்த உணவு தேவையுமில்லை. எவருக்கும் என்றால் எவருக்கும்தானா என்று பார்க்கும் ஆவல் என்னுடையது.

இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளியின் உணவறை. விடுமுறைக் காலத்திலும் கதவு திறந்திருந்தது. வாயிலில் யாரும் மறிக்கவில்லை. வரிசையில் சீனப் பாட்டியொருவர் இரு பேரர்களோடு நின்றார். தலையில் முக்காடிட்ட தாய் ஒருவர் தள்ளுவண்டியோடு நின்றார். பதின்ம வயதுப் பையன்கள் நால்வர் கூடைப்பந்தோடு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தனர். எங்கள் முறை வந்தபோது உணவு வழங்கிய அம்மையார் குனிந்து என் தங்கை மகளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சாக்லெட் பாலா, வெறும் பாலா?"

அவ்வளவுதான். அந்தக் கோடை முழுவதும் அங்கு எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றே. எங்கே வசிக்கிறாய், அப்பா என்ன வேலை, எந்தப் பள்ளி, எந்த நாட்டுக் குடியுரிமை என்று ஒருவரும் கேட்கவில்லை. சாக்லெட் பால், ரொட்டிக்கிடையில் பாலாடைக்கட்டி, ஒரு ஆப்பிள், சிறு பையில் கேரட். சுவையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நம் வீட்டுப் பிள்ளை முகம் சுளித்துத்தான் தின்றாள். "பெரியம்மா, நாளைக்கும் இங்க வரணுமா?" என்று கேட்டாள்.

ஓர் ஆசிரியையின் கண்ணுக்கு வேறு சில தெரிந்தன. மேசையோரம் நின்ற இளைஞர் தாள் ஒன்றில் கோடுகள் இட்டுக்கொண்டிருந்தார். தட்டு ஒன்றுக்குக் கோடு ஒன்று. பெயரில்லை, வயதில்லை. நான் பார்த்தவரை அந்த அறையில் இருந்த ஆவணம் அந்தத் தாள் மட்டுமே. கூட்டாட்சி அரசு தட்டுக் கணக்குக்குப் பணம் தருகின்றது. ஆகவே தட்டை எண்ணினால் போதும். உண்ணாமல் மீந்த பால்பெட்டியையும் பழத்தையும் வைப்பதற்கு ஒரு மேசை இருந்தது. இன்னும் பசிக்கும் பிள்ளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். கட்டுப்பாடுகளும் இல்லாமல் இல்லை. உணவை அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும். பெரியவர்களுக்குத் தட்டு கிடையாது. சீனப் பாட்டி பேரன் மிச்சம் வைத்த ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்ற முயன்றபோது பணியாளர் மெதுவாகத் தலையசைத்தார். பாட்டி திரும்ப வைத்துவிட்டார். அவருக்கும் பசித்திருக்கலாம் என்ற எண்ணம் அன்று முழுவதும் எனக்கு இருந்தது.

இது எப்படி இயல்கின்றது? வறியவரல்லாதவர் வந்து தின்றுவிட்டுப் போனால் என்ன செய்வார்கள்? என் தங்கை கணவரிடம் கேட்டேன். பிறகு நானாகவும் படித்தேன். இது நியூயார்க்கின் சொந்தத் திட்டமன்று. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1968இல் சோதனையாகத் தொடங்கி 1975இல் தனித் திட்டமாக ஆக்கிய கோடை உணவுத் திட்டம். அதன் நுட்பம் ஒரே இடத்தில் இருக்கின்றது. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேராவது இலவச அல்லது குறைந்த விலைப் பள்ளி உணவுக்குத் தகுதி உடையவராயின், அவ்வட்டாரம் முழுவதும் தகுதி பெற்றுவிடும். அங்கே ஒரு பந்தி திறந்தால் வரும் பிள்ளை எவராயினும் உண்ணலாம். வறுமை பற்றிய கேள்வி கேட்கப்படாமல் இல்லை. அந்தக் கேள்வி வட்டாரத்திடம் கேட்கப்படுகின்றது, பிள்ளையிடம் கேட்கப்படுவதில்லை. புள்ளிவிவரத்தை வைத்து அலுவலகத்தில் அது முடிந்துவிடும். உணவறையின் வாயிலுக்கு அது வந்து சேர்வதே இல்லை.

இதில் வசதியுள்ள சிலரும் உண்பர். என் தங்கை மகளே சான்று. அந்தச் சில தட்டுகளின் செலவையும், ஒவ்வொரு பிள்ளையையும் சலித்தெடுக்கும் எழுத்தர்களின் சம்பளத்தையும் தராசில் வைத்துப் பார்த்தால் எது கனக்கும் என்பது எனக்குத் தெளிவாகவே தோன்றுகின்றது. 2017 செப்டம்பரிலிருந்து நியூயார்க் நகரம் தன் அரசுப் பள்ளிகளில் பள்ளி நாள் மதிய உணவையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கிவிட்டது. 2020 ஏப்ரலில் தொற்று உச்சத்தில் இருந்தபோது பெரியவர்களும் பள்ளி வாயில்களில் உணவு பெற்றுச் செல்லலாம் என்று அறிவித்தது. அந்தப் பாட்டி அப்போதாவது தமக்கென்று ஒரு பொட்டலம் வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீச்சல் குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே கேள்வி கேட்பதற்குப் பதிலாகப் பூட்டுக் கேட்டார்கள். 1936ஆம் ஆண்டுக் கோடையில், பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், ராபர்ட் மோசஸ் என்னும் பூங்கா ஆணையர் நகரமெங்கும் 11 பெருங்குளங்களைத் திறந்தார். அவற்றுள் பெரியது அஸ்டோரியா பூங்காவில் உள்ளது. 330 அடி நீளம். அக்குளங்களில் எல்லா நிறத்தவரும் ஒரே மாதிரி வரவேற்கப்படவில்லை என்று மோசசின் வரலாற்றை எழுதிய ராபர்ட் காரோ குற்றஞ்சாட்டியிருக்கிறார். நாங்கள் சென்ற நாளில் உலகத்து நிறங்களெல்லாம் அந்த நீரில் இருந்தன. நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் உடைமைகளை வைக்கும் பெட்டிக்கு நம் சொந்தப் பூட்டைக் கொண்டு செல்ல வேண்டும். மேற்சட்டை அணிவதென்றால் வெள்ளை நிறமாக இருக்க வேண்டும். செய்தித்தாள் கொண்டு போகக்கூடாது. நீச்சலுடை இல்லாத பெரியவர் குளக்கரைக்கே செல்லக்கூடாது. கடைசி விதி என்னைச் சுடிதாரோடு வெளியே நிறுத்திவிட்டது. தங்கை கணவர் மகளோடு உள்ளே போனார். நான் ஹெல்கேட் பாலத்தின் நிழலில் அமர்ந்து பேரங்காடிப் பையிலிருந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தேன். அதுவும் ஒரு கோடைக்காலச் சேவைதான்.

அந்த மாதம் 19 முதல் 21 வரை கடும் வெப்ப அலை வீசியது. நகரத்தலைவர் வெப்ப நெருக்கடி நிலையை அறிவித்தார். நகரத்தின் முத்திறப் போட்டியையே கைவிட்டுவிட்டார்கள். புரூக்ளினில் பல்லாயிரம் வீடுகளுக்கு மின்சாரம் நின்றது. நான் முதலில் சிரித்தேன். 35 பாகை வெயிலுக்கா இந்தக் கூச்சல், நம் செந்தூலில் அன்றாடம் இதுதானே என்று. இரண்டாம் நாள் இரவில் சிரிப்பு அடங்கிவிட்டது. அங்குள்ள செங்கல் கட்டடங்கள் குளிரைத் தாங்கக் கட்டப்பட்டவை; பகலில் குடித்த வெப்பத்தை இரவு முழுவதும் கக்குகின்றன. காற்றுப் போக வழியில்லை. குளிர்சாதனம் இல்லாத வீட்டில் தனியே வாழும் முதியவருக்கு அது உயிர்ச் சிக்கல். அதற்காகவே நூலகங்களையும் முதியோர் நிலையங்களையும் குளிர் நிலையங்களாக அறிவித்துத் திறந்து வைக்கின்றனர். பிளஷிங் நூலகத்தில் நாங்கள் அந்த இரண்டு நாள்களையும் கழித்தோம். புத்தகத்தைத் திறவாமல் நாற்காலியில் உறங்கிய முதியவர்களை எந்த நூலகரும் எழுப்பவில்லை.

தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறந்து பிள்ளைகள் நனைவதைப் பழைய திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். கண்டபடி திறந்துவிட்டால் நிமிடத்துக்கு 1,000 கேலனுக்கு மேல் நீர் பாயும். தீப்பற்றினால் அணைக்க அழுத்தம் இராது. அந்த வேகம் சிறு பிள்ளையைத் தூக்கியும் எறியும். அதற்காகத் தடை செய்துவிடவில்லை. 18 வயது நிரம்பிய எவரும் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் தூவல் மூடி ஒன்றைப் பொருத்தித் தருகின்றனர். அதன் வழியாக நிமிடத்துக்கு 25 கேலன் வரையே செல்லும். பிள்ளைகளின் குறும்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அந்த இரும்பு மூடி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டொழுங்கு ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்து வரலாம்.

எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1963 முதல் நடக்கும் இளையோர் கோடை வேலைத் திட்டம் 14 முதல் 24 வயதினர்க்கு ஆறு வாரச் சம்பள வேலை தருகின்றது. 2019இல் சுமார் 75,000 பேர் வேலை பெற்றனர், 2022 முதல் இலக்கு ஒரு இலட்சம். அதற்குப் படிவம் உண்டு, சான்றுகள் உண்டு, குலுக்கலும் உண்டு. விண்ணப்பிப்போர் பலர் வெறுங்கையோடு திரும்புகின்றனர். 2021இல் தொடங்கிய கோடைப் பள்ளித் திட்டத்திலும் இடங்கள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. எங்கே இடம் குறைவோ அங்கே பட்டியல் வந்துவிடுகின்றது. அதைக் குறை சொல்லவியலாது. எதற்குப் பட்டியல் வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்களே, அதைத்தான் கவனித்தேன். 2021 அக்டோபரில் நகரத்தின் மூன்று நூலக அமைப்புகளும் தாமதக் கட்டணத்தை அறவே நீக்கின என்று படித்தபோதும் அதே எண்ணம் வந்தது. கடன்பட்டிருக்கிறோமே என்று அஞ்சி நூலகத்தின் பக்கமே வராமல் போன பிள்ளைகள் நம்மிடமும் இருக்கின்றனர்.

விடுமுறையில் கற்றல் கரைந்துபோவதைப் பற்றி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தது நினைவிருக்கலாம். பால்டிமோர் நகரில் 1982இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைக் கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசிலும் பல்லாண்டு பின்தொடர்ந்து, ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் பள்ளி நாள்களில் ஏறக்குறைய ஒருசேர வளர்கின்றனர், இடைவெளி கோடையில்தான் விழுகின்றது என்று காட்டினர். 2019இல் பால் வான் ஹிப்பல் என்பவர், அம்முடிவு தேர்வுகளை அளந்த முறையால் விளைந்ததாகவும் இருக்கலாம் என்று ஐயம் எழுப்பினார். அறிஞர்கள் பேசி முடிக்கட்டும். பசித்த பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

இனி நம் ஊர்.

துணையுணவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை எங்களுடையது. குடும்ப வருமானம் எழுதப்பட வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். பாசார் மாலாமில் அப்பளம் விற்கும் தாய்க்கு எந்த முதலாளி சம்பளச் சீட்டுத் தருவார்? படிவம் பையிலேயே கசங்கிக் கிடக்கும். கேட்டால் "அம்மா நாளைக்குத் தர்றேன்னாங்க டீச்சர்" என்று பதில் வரும். அந்தத் தாய்க்கு எழுத்து வராது என்பது மூன்றாம் மாதம் தெரியவரும். மற்றொரு வகையும் உண்டு. என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன். படிவம் சரி, பெயரும் பட்டியலில் இருந்தது. உணவு வரிசைக்கு மட்டும் வரமாட்டான். ஓய்வு நேரத்தில் திடலோரம் நின்று தண்ணீர் குடிப்பான். நண்பன் ஒருவன் அவனை "ஆர்.எம்.டி." என்று பட்டப்பெயர் வைத்து அழைத்ததாகப் பிற்பாடு அறிந்தேன். அந்த மூன்று எழுத்துகள் அவன் தட்டைப் பறித்துவிட்டன.

2024ஆம் ஆண்டு சீனப் புத்தாண்டோடு தொடங்கிய நான்கு வார நீண்ட விடுமுறைக்கு முன், ஆசிரியர் நால்வரும் அடுக்ககத்துக் குடியிருப்போர் சங்கத்துப் பெண்கள் சிலரும் கூடிப் பேசினோம். கீழ்த்தளத்தில் பொது மண்டபம் சும்மா கிடந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று வாரம், ஒரு வேளை மதிய உணவு. வருகிற பிள்ளைக்கெல்லாம். நான் நியூயார்க்கில் கண்டதைச் சொன்னபோது சங்கத்து அம்மா ஒருவர் வெகு இயல்பாக, "இதுல என்ன இருக்கு டீச்சர், தைப்பூசத்துல தண்ணீர்ப்பந்தல்ல பேரு கேட்டா குடுக்குறோம்?" என்றார். எத்தனை ஆயிரம் காதம் பறந்துபோய்க் கண்டுவந்த செய்தி! பத்துமலைப் படிக்கட்டுக்கு அருகிலேயே இருந்திருக்கின்றது.

வருகிற பிள்ளைக்கெல்லாம் என்று சொல்லிவிட்டால் அதை அப்படியே செய்ய வேண்டும். அடுக்ககத்தில் மலாய்க்காரப் பிள்ளைகள் பாதிக்கு மேல். அவர்கள் உண்ண வேண்டுமாயின் சமையல் ஹலாலாக இருக்க வேண்டும். அதை அவர்கள் பெற்றோர் நம்பவும் வேண்டும். ஆறாவது மாடியில் நாசி லெமாக் விற்கும் மக்சிக் ஒருவர் தம் சமையலறையைத் தந்தார். நம் அம்மா பருப்பும் காய்கறியும் வைத்தார். மக்சிக் முட்டைச் சம்பால் செய்தார். மாட்டிறைச்சி வேண்டாம் என்பதை அவரே முதலில் சொன்னார். கூட்டம் போட்டுத் தீர்மானித்ததைப் போல நான் எழுதுகிறேன். உண்மையில் அது மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் முடிந்த பேச்சு.

பணத்தில்தான் இடர் வந்தது. நன்கொடை தர முன்வந்த ஓர் அமைப்பு, பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், பெற்றோர் அடையாள அட்டையின் நகல், உணவுப் பொட்டலத்தோடு ஒவ்வொரு பிள்ளையின் நிழற்படம் ஆகியவற்றைக் கேட்டது. அதன் பொறுப்பாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும்னு சொல்லுங்க டீச்சர், தொகைய இன்னும் கூட்டிக் குடுக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் அல்லர். நம் பிள்ளைகள் பின்தங்கிக் கிடக்கின்றனர் என்ற வேதனை அவருக்கு உண்மையாகவே உண்டு. அந்த வேதனை எனக்கும் உண்டு. ஆயினும் ஒரே மாடியில், ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் இரு பிள்ளைகளுள் ஒருவனை வாயிலில் நிறுத்தி நீ வேறு என்று சொல்லும் வேலையை எந்த ஆசிரியரிடம் ஒப்படைப்பது? நிழற்படத்துக்கு நிற்க என் மாணவன் வருவானா? நாங்கள் மறுத்தோம். பாதிப் பணம் போயிற்று. கீழே கடை வைத்திருக்கும் மாமாக் வணிகர் இரண்டு மூட்டை அரிசி தந்தார். ஆசிரியர்கள் கையிலிருந்து போட்டோம். மூன்றாம் வாரம் முட்டை பாதியாயிற்று.

கணக்கு மட்டும் வேண்டும் அல்லவா? எவ்வளவு சமைப்பது என்று தெரியாமல் நடத்தவியலாது. அப்போது எனக்கு அந்தக் கோடு போட்ட தாள் நினைவுக்கு வந்தது. வாயிலில் ஒரு காலி மைலோ டின்னும், ஒரு பை நிறையப் புட்டி மூடிகளும் வைத்தோம். பிள்ளை ஒன்று நுழைந்தால் மூடி ஒன்று டின்னில் விழ வேண்டும். அந்த வேலைக்கு என் மாணவனை அழைத்தேன். உணவுக்கு வா என்று அழைக்கவில்லை. எண்ணித் தர ஆள் இல்லை, வருகிறாயா என்று கேட்டேன். முதல் நாள் டின்னில் 23 மூடிகள். அவனுடைய மூடி அதில் இல்லை, கதவருகிலேயே நின்றுவிட்டான். இரண்டாம் நாள் 31. மூன்றாம் நாள் நான் எண்ணியபோது 38 வந்தது. தட்டுகள் 39 கழுவப்பட்டிருந்தன. மக்சிக்கைப் பார்த்தேன். அவர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். கடைசி வெள்ளிக்கிழமை 61 மூடிகள், 62 தட்டுகள்.

2025 தொடக்கத்து விடுமுறையிலும் நடத்தினோம். அடுக்கக நிருவாகம் பிள்ளைகளைப் பதிவு செய்தால்தான் மண்டபம் தரமுடியும் என்று இம்முறை சொன்னது; பாதுகாப்புக் காரணமாம். பொறுப்பேற்கும் பெரியவர்கள் ஐவரின் பெயர்களை எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகளின் பெயர் வேண்டுமா என்று அவர்கள் திரும்பக் கேட்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

வரும் நீண்ட விடுமுறைக்கு மண்டபம் கேட்டு எழுதியாகிவிட்டது. அரிசி இன்னும் இரண்டு மூட்டை குறைகின்றது. பழைய குண்டான் போதவில்லை, அறுபது பேருக்கு மேல் போனால் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். என் மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். சென்ற வாரம் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். குரல் உடைந்திருந்தது, என்னைவிட உயர்ந்துவிட்டான். டின்னை யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டேன். தங்கையிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகவும், அவள் மூடிகளையெல்லாம் கழுவிக் காயவைத்திருப்பதாகவும் சொன்னான்.